குடும்பக் கடை நிறுவனத்தைப் பிறர் கைப்பற்றாமல் காப்பது எப்படி: ஐந்து வழிகளின் ஒப்பீடு

பங்குச் சந்தையில் பட்டியலிட்டுவிட்ட, அல்லது பட்டியலிட எண்ணுகிற, சில்லறை வணிகக் குடும்பங்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையினரிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. நம் சம்மதம் கேட்காமல் ஒருவர் பங்குகளை வாங்கிக் குவித்து நிறுவனத்தைக் கைப்பற்ற முனைந்தால், எந்த அரணை நம்புவது? குடும்பப் பங்குகளை ஒன்றாகக் கட்டி வைப்பதா, கூடுதல் வாக்குரிமை கொண்ட பங்குகளை வைத்துக்கொள்வதா, நட்பான பெருமுதலாளி ஒருவரைத் துணைக்கு அழைப்பதா, சந்தையிலிருந்தே விலகிவிடுவதா? வழக்கறிஞர் ஒரு பதில் சொல்கிறார், வங்கியாளர் வேறொரு பதில் சொல்கிறார். எந்த அரணும் எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாது என்பதால், முடிவெடுக்க உதவும் வகையில் அவற்றை ஒப்பிட முயல்கிறேன்.

கடை வணிகத்தின் மீது இத்தகைய கண் விழுவதற்குக் காரணம் உண்டு. முக்கிய வீதிகளில் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நிலமும் கட்டடமும் கணக்கேட்டில் பழைய விலையிலேயே கிடக்கும். கல்லாவில் நாள்தோறும் ரொக்கம் சேரும். ஆனால் லாப விகிதம் குறைவு என்பதால் பங்கின் விலை தாழ்ந்தே இருக்கும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போது, வணிகத்தை நடத்தும் எண்ணமே இல்லாதவருக்கும் அந்த நிறுவனம் மலிவாகத் தெரிகிறது.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, குடும்பத்தின் கையில் உண்மையில் எத்தனை வாக்குகள் உள்ளன, அவை எத்தனை பேரிடம் பிரிந்திருக்கின்றன என்பது. அறுபது விழுக்காடு என்று சொல்லப்படுவது மூன்று கிளைகளின் கூட்டுத்தொகையாக இருந்தால், அது அறுபது அல்ல, மூன்று இருபதுகள். இரண்டாவது, காலம்: தாக்குதல் வந்த பிறகும் அமைக்கக்கூடிய அரணா, முன்பே அமைத்தால்தான் பயன்படும் அரணா? மூன்றாவது, அது யாருடைய பணத்தில் நிற்கிறது என்பது. கடன் வாங்கிக் கட்டிய அரணைக் கடன்காரர் ஒருநாள் தமதாக்கிக்கொள்ள முடியும். நான்காவது, நம் நாட்டுச் சட்டம் அதை எந்த அளவுக்கு அனுமதிக்கிறது என்பது. ஐந்தாவது, குடும்பத்துக்கு வெளியே உள்ள சிறு பங்குதாரர்களுக்கு அது நியாயமானதா என்பது. ஐந்தாவதைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். நீதிமன்றமும் ஒழுங்குமுறை ஆணையமும் பெரும்பாலும் இதை வைத்தே ஓர் அரணை நிற்கவிடுகின்றன, அல்லது இடிக்கின்றன.

குடும்பப் பங்குகளை ஒரே அமைப்பில் கட்டுவது

சொந்தக் கடைகள் வழியே விற்கும் பிரெஞ்சுக் குடும்ப நிறுவனமான ஹெர்மெஸின் கதை இதற்கு மிகச் சிறந்த பாடம். 2010 அக்டோபரில் ஆடம்பரப் பொருள்களை விற்கும் எல்விஎம்எச் குழுமம், தன்னிடம் ஹெர்மெஸின் 17.1 விழுக்காடு பங்குகள் இருப்பதாக அறிவித்தது. பங்குகளை நேரடியாக வாங்காமல், வங்கிகளுடன் செய்த ஒப்பந்தங்கள் வழியே சேர்த்திருந்ததால், அதுவரை குடும்பத்துக்குத் தெரியவில்லை. அப்போது குடும்பத்திடம் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. கணக்கின்படி பார்த்தால் அஞ்ச வேண்டியதே இல்லை. எனினும் அந்தப் பங்குகள் பல பத்து உறவினர்களிடம் பிரிந்து கிடந்தன. அவர்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே விலைபேசப்படக்கூடியவர். மேலும் ஹெர்மெஸ் 1993-இல் சந்தைக்கு வந்தபோதே, நிர்வாகத்தை நியமிக்கும் உரிமை குடும்பக் கூட்டாண்மை ஒன்றிடம் மட்டும் இருக்கும் சட்ட வடிவத்தைக் கொண்டிருந்தது. அந்த வடிவம் இருந்தும் குடும்பம் அதோடு நின்றுவிடவில்லை. 2011 இறுதிக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட உறவினர்கள் சேர்ந்து 50.2 விழுக்காடு பங்குகளை எச்51 என்ற தனி நிறுவனத்தில் வைத்து, இருபது ஆண்டுகளுக்கு விற்பதில்லை என்று பூட்டினார்கள். இந்த மாற்றத்துக்காகப் பிற பங்குதாரர்களிடம் கட்டாயமாகப் பங்கு வாங்க வேண்டியதில்லை என்று பிரெஞ்சுச் சந்தை ஆணையம் விலக்களித்தது. அதை எதிர்த்த சிறு பங்குதாரர் சங்கத்தின் வழக்கு பாரிஸ் நீதிமன்றத்தில் தோற்றது. 2013-இல் எல்விஎம்எச் மீது 80 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2014-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அது ஹெர்மெஸ் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே பகிர்ந்தளித்து விலகியது.

இந்த வழியின் மறைமுகச் செலவு பணமல்ல, சுதந்திரம். இருபது ஆண்டுப் பூட்டு என்றால், மகளின் மருத்துவத்துக்கோ மகனின் புதுத் தொழிலுக்கோ பங்கை விற்க முடியாது. அதற்கு ஈடாக, ஒழுங்கான ஈவுத்தொகையும், விலக விரும்புகிறவரிடமிருந்து உறவினரே வாங்கிக்கொள்ளும் விலைச் சூத்திரமும் எழுத்தில் இருக்க வேண்டும். ஹெர்மெஸ் குடும்பத்திலேயே பெரிய பங்கு வைத்திருந்த ஒருவர் எச்51-இல் சேரவில்லை. ஆகவே எல்லோரும் சேர்வார்கள் என்று எதிர்பார்க்காமல், பாதிக்கு மேல் உறுதியாகச் சேரும்படி கணக்கிடுவதே நடைமுறைக்கு உகந்தது.

இந்தியாவில் இந்த வழி நன்றாகவே திறந்திருக்கிறது. புரமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், குடும்பம் 75 விழுக்காடு வரை வைத்திருக்கலாம். மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் புரமோட்டர்களாக அறிவிக்கப்பட்டவர்களுக்கு இடையே நடக்கும் பங்கு மாற்றத்துக்கு, உரிய நிபந்தனைகளின்படி, பிற பங்குதாரர்களின் பங்குகளையும் வாங்க முன்வரும் ஓபன் ஆஃபர் கடமையிலிருந்து விலக்கு உண்டு. பொது நிறுவனத்தின் பங்குகள் தடையின்றிக் கைமாறக்கூடியவை என்று சொல்லும் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமே, பங்குதாரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒப்பந்தமாகச் செல்லும் என்றும் சொல்கிறது.

நம் குடும்பங்களில் ஒரு பெரிய ஓட்டை உள்ளது. அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மனைவிக்கும் தாய்க்கும் மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு உண்டு. அவர் பெயரில் இருந்த நிறுவனப் பங்குகளும் அதில் அடங்கும். மகள்களை எந்தக் கூட்டத்துக்கும் அழைக்காமல், கணக்கையும் காட்டாமல் வைத்துவிட்டு, ஆபத்து வந்த நாளில் கையெழுத்து மட்டும் கேட்டால், வெளியாள் தரும் விலை அவர்களுக்கு நியாயமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பங்குகளை ஒன்றாகக் கட்டும் ஒப்பந்தத்தில் மகள்களும் அவர்களின் வாரிசுகளும் முழு உரிமையுடன் இடம்பெறாவிட்டால், அந்தக் கட்டு முதல் இழுப்பிலேயே அவிழும்.

பாதிக்குக் குறைவாக இருந்தாலும் ஒற்றுமை பயன் தரும் என்பதற்கு பிரிட்டனின் பல்பொருள் அங்காடிக் குழுமமான செயின்ஸ்பரி சான்று. 2007 ஏப்ரலில் சிவிசி தலைமையிலான முதலீட்டுக் குழு ஒரு பங்குக்கு 582 பென்ஸ் வரை தர முன்வந்தது. சுமார் 18 விழுக்காடு வைத்திருந்த குடும்பம் இசையாததால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டு கத்தார் அரசின் ஆதரவுடன் 600 பென்ஸ் விலையில் வந்த இன்னொரு முயற்சியும் கடன் சந்தை இறுகியதால் நவம்பரில் நின்றுபோனது. அடுத்த பத்தாண்டுகளில் அந்தப் பங்கு 600 பென்ஸைத் தொடவே இல்லை. குடும்பம் மறுத்ததன் விலையைச் சிறு பங்குதாரர்களும் சேர்ந்தே கொடுத்தார்கள். ஐந்தாவது அளவுகோல் ஏன் தேவை என்பதை இது காட்டுகிறது.

கூடுதல் வாக்குள்ள பங்குகள்

அமெரிக்காவின் டில்லார்ட்ஸ் துணிக்கடைக் குழுமத்தில் ஏ, பி என இரு வகைப் பங்குகள் உண்டு. எண்ணிக்கையில் மிகக் குறைவான பி வகை, ஏறத்தாழ முழுவதும் குடும்ப நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இயக்குநர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைத் தேர்ந்தெடுப்பது பி வகைதான். கடைகளின் இடத்தில் பெரும்பகுதி சொந்தமாக இருந்தும், கைப்பற்ற வருகிறவருக்கு அந்த நிலத்தை எட்ட வழியில்லை. அரண் என்ற அளவில் இதைவிட உறுதியானது இல்லை. கடனும் வேண்டாம், காவலும் வேண்டாம்.

ஆனால் குடும்பமே விற்க நினைக்கும் நாளில் இதன் மறுபக்கம் தெரியும். கனடாவின் கனடியன் டயர் நிறுவனத்தில், நிறுவனரின் மூன்று வாரிசுகளிடம் மொத்த மூலதனத்தில் சிறு பகுதியும், வாக்குள்ள பங்குகளில் 60.9 விழுக்காடும் இருந்தன. வாக்குள்ள பங்குகளில் பெரும்பான்மையை யாராவது வாங்க முன்வந்தால், வாக்கற்ற பங்குகளுக்கும் வாக்கு கிடைக்கும் என்ற பாதுகாப்பு விதியும் இருந்தது. 1986 இறுதியில், கடைகளை நடத்தும் முகவர்கள் வாக்குள்ள பங்குகளில் சரியாக 49 விழுக்காட்டை மட்டும் மிக உயர்ந்த விலையில் வாங்க முன்வந்தார்கள். அவர்களிடம் முன்பே சுமார் 17 விழுக்காடு இருந்ததால், அது கட்டுப்பாட்டைப் பிடிக்கப் போதும். ஆனால் 49 பாதியைத் தாண்டாததால் பாதுகாப்பு விதி செயல்படாது. வாக்கற்ற பங்குதாரருக்கு ஒரு காசும் போகாது. எழுத்தில் எல்லாம் சரி. ஆயினும் ஒன்டாரியோ பங்குச் சந்தை ஆணையம் இது சிறு பங்குதாரர்களை வஞ்சிப்பது என்று கூறி 1987 ஜனவரியில் தடுத்தது.

இந்தியக் கடை நிறுவனங்களுக்கு இந்த வழி ஏறத்தாழ மூடியே இருக்கிறது. உயர் வாக்குரிமைப் பங்குகளுடன் சந்தைக்கு வர 2019-இல் இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி வகுத்த விதிகள், தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட நிறுவனங்களுக்கே உரியவை. அங்கும் அந்தக் கூடுதல் உரிமை ஐந்தாண்டுகளில் முடிந்துவிடும்; பங்குதாரர் சம்மதித்தால் இன்னும் ஐந்தாண்டு நீளும். ஜவுளிக்கடையோ நகைக்கடையோ இதை நம்பித் திட்டமிடுவது வீண்.

விஷ மாத்திரை

வெளியாள் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிப் பங்கு வாங்கினால், அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் மலிவு விலையில் புதுப் பங்கு வழங்கி அவரது பங்கை நீர்க்கச் செய்யும் ஏற்பாடு இது. அமெரிக்காவில் இயக்குநர் குழு ஒரே இரவில் அமைக்கலாம். 2022 செப்டம்பரில் மெக்சிகோவின் லிவர்பூல் நிறுவனம், அமெரிக்கத் துணிக்கடைக் குழுமமான நார்ட்ஸ்ட்ராமில் 9.9 விழுக்காடு வாங்கியது தெரிந்ததும், நார்ட்ஸ்ட்ராம் பத்து விழுக்காட்டில் இப்படி ஓர் எல்லையை வைத்தது. இது பேச்சுவார்த்தைக்கு நேரம் வாங்கித் தரும். அதற்கு மேல் எதுவும் செய்யாது.

இந்தியாவில் இதற்கு இடமே இல்லை என்று கொள்வது பாதுகாப்பானது. 25 விழுக்காட்டை எட்டுகிறவர் இன்னும் குறைந்தது 26 விழுக்காட்டுக்கு ஓபன் ஆஃபர் தர வேண்டும். அந்த ஆஃபர் காலத்தில், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் இல்லாமல் இயக்குநர் குழு புதுப் பங்கு வெளியிடவோ முக்கியச் சொத்தை விற்கவோ முடியாது. புதுப் பங்கின் விலைக்கும் செபியின் குறைந்தபட்ச விதி உண்டு.

நட்பு முதலீட்டாளர்

மிக எளிதாகத் தோன்றும் வழி இதுவே. என் மதிப்பீட்டில் மிகவும் ஆபத்தானதும் இதுவே.

ஜொஃப்ருவா கிஷார் 1898-இல் சான்-எட்டியன் நகரில் தொடங்கிய காசினோ, பிரான்ஸின் பெரிய மளிகைக் குழுமங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1997-இல் ஹாலே குடும்பத்தின் ப்ரொமோதெஸ் நிறுவனம் அதைக் கைப்பற்ற முனைந்தபோது, கிஷார் குடும்பம், ஏற்கெனவே பெரிய பங்குதாரராக இருந்த ழான்-சார்ல் நவூரியின் பக்கம் நின்றது. அவரது ராலி நிறுவனம் அதிக விலை கொடுத்துக் கட்டுப்பாட்டைப் பெற்றது. தாக்குதல் முறியடிக்கப்பட்டது உண்மை. ஆனால் அதன்பின் காசினோ கிஷார் குடும்பத்தின் நிறுவனமாக இல்லை. பங்குகளை வைத்திருப்பதற்காகவே அமைத்த, அடுக்கடுக்கான ஹோல்டிங் நிறுவனங்களில் கடன் ஏறியது. அந்தக் கடனைக் கட்ட காசினோவிலிருந்து ஈவுத்தொகை மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 2019 மே மாதம் ராலி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2024 மார்ச்சில் காசினோவே, செக் நாட்டுத் தொழிலதிபர் டேனியல் கிரெட்டின்ஸ்கி தலைமையிலான குழுவிடம் போனது. எதிரியிடமிருந்து காப்பாற்ற வருகிறவர் எந்தப் பணத்தில் வருகிறார் என்று கேட்காதது, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் கணக்குத் தீர்க்கப்பட்ட ஒரு பிழை.

இதே வழி வேறு விதமாகவும் முடியலாம். நார்ட்ஸ்ட்ராம் யாரைத் தடுக்க எல்லை வைத்ததோ அதே லிவர்பூலுடன் சேர்ந்தே குடும்பம் 2024 டிசம்பரில் நிறுவனத்தை வாங்க உடன்பாடு செய்தது. 2025 மே மாதம் அது நிறைவேறியபோது குடும்பத்துக்கு 50.1 விழுக்காடும் லிவர்பூலுக்கு 49.9 விழுக்காடும் கிடைத்தன. வேறுபாடு அந்த 0.2-இல் இருக்கிறது. நண்பரை அழைக்கும்போது பாதிக்கு மேல் குடும்பத்திடம் நிற்கிறதா, அவர் விலகினால் அவருடைய பங்கை முதலில் வாங்கும் உரிமை நமக்கு உண்டா என்ற இரண்டும் எழுத்தில் இல்லாவிட்டால், அவர் நண்பர் என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்த செய்தி மட்டுமே.

சந்தையிலிருந்து விலகுதல்

எல்லாப் பங்கையும் வாங்கிவிட்டால் தாக்க எதுவும் இருக்காது. பணம்தான் கேள்வி. செவன்-லெவன் கடைகளை நடத்தும் ஜப்பானின் செவன் அண்ட் ஐ நிறுவனத்துக்கு, அதை வாங்க முன்வருவதாகக் கனடாவின் அலிமென்டேஷன் கூஷ்-டார் நிறுவனம் 2024 ஆகஸ்டில் விலை கூறியது. நிறுவனர் இட்டோ குடும்பம் அந்த நவம்பரில் ஏறத்தாழ 9 லட்சம் கோடி யென் மதிப்பில் தானே வாங்கிவிட முன்வந்தது. பெரும் பங்காளியாக எதிர்பார்க்கப்பட்ட இட்டோச்சு வணிக நிறுவனம் விலகியதும் 2025 பிப்ரவரியில் அந்தத் திட்டம் சரிந்தது. நிறுவனமோ, பேரங்காடிப் பிரிவைப் பெய்ன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாகவும், 2 லட்சம் கோடி யென்னுக்குத் தன் பங்குகளைத் திரும்ப வாங்குவதாகவும் அறிவித்தது. ஜூலையில் கூஷ்-டார் தானாகவே விலகியது. தாக்குதல் தோற்றது, ஆனால் நிறுவனர் தொடங்கிய பேரங்காடி வணிகம் அந்த வேளையில் குடும்பத்தைவிட்டுப் பெருமளவு போய்விட்டது.

இந்தியாவில் பட்டியலிலிருந்து விலக, புரமோட்டரின் பங்கு 90 விழுக்காட்டை எட்ட வேண்டும். விலையைச் சிறு பங்குதாரர்களே கேட்டு நிர்ணயிக்கும் முறை இருந்தது. 2024-இல் குறைந்தபட்ச விலைக்கு மேல் 15 விழுக்காடு சேர்த்து நிலையான விலை தரும் மாற்று வழியும் வந்தது. குடும்பத்திடம் ஏற்கெனவே எழுபது விழுக்காட்டை ஒட்டி இருந்து, கையில் சேமிப்பும் இருந்தால் இது நல்ல வழி. மீதிப் பங்கை வாங்கக் குடும்பப் பங்குகளையே அடகு வைக்க வேண்டியிருந்தால் தவிர்த்துவிடுவதே நன்று.

எந்த அரணும் தடுக்காத வாசல்

கடன் பற்றி இத்தனை சொல்வதற்குக் காரணம் பிக் பஜார். அந்தக் கடைகளை நடத்திய ஃபியூச்சர் குழுமத்தின் கிஷோர் பியானி குடும்பத்தின் பங்குகளில் பெரும்பகுதி அடகில் இருந்தது. 2020-இல் கடைகளை ரிலையன்ஸுக்கு 24,713 கோடி ரூபாய்க்கு விற்கச் செய்த உடன்பாட்டை, முன்பே குழுமத்தின் இன்னொரு நிறுவனத்தில் முதலீடு செய்திருந்த அமேசான், தன் ஒப்பந்த உரிமையைக் காட்டி வழக்கில் நிறுத்தியது. இதற்கிடையே கடை வாடகை கட்ட முடியாமல் போன இடங்களின் குத்தகையை ரிலையன்ஸ் தன் பெயருக்கு மாற்றி, உள்வாடகைக்கு விட்டிருந்தது. 2022 தொடக்கத்தில் அந்த உள்வாடகைகள் முடிக்கப்பட்டு, 800-க்கு மேற்பட்ட கடைகள் கைமாறின. ஒரு பங்குகூட வாங்கப்படவில்லை. அவ்வாண்டு ஜூலையில் ஃபியூச்சர் ரீட்டெய்ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. கடை நிறுவனத்தின் உயிர் பங்குச் சான்றிதழில் மட்டும் இல்லை, குத்தகைப் பத்திரத்திலும் இருக்கிறது என்பதை மேலே சொன்ன ஐந்து வழிகளும் கணக்கில் எடுப்பதில்லை.

யாருக்கு எது

இன்னும் பட்டியலிடாத குடும்பத்துக்கு என் பரிந்துரை ஐயமற்றது: பங்குகளைக் குடும்ப அறக்கட்டளையிலோ ஹோல்டிங் நிறுவனத்திலோ கட்டும் வேலையைப் பங்கு வெளியீட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அப்போது விலை குறைவு, கேள்வி கேட்பவரும் குறைவு. வரி, முத்திரைத் தீர்வைக் கணக்கும் எளிது.

பட்டியலிட்டு, பாதிக்கு மேல் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வெளியாளின் தாக்குதல் நேரடியாக வராது. ஒரு கிளையின் வழியே வரும். அங்கும் முதல் வழிதான். முதலில் வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதுவதோடு, விலகுவோரிடம் வாங்க ஒரு நிதியையும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். பணம் இல்லாத முதல் உரிமை வெறும் காகிதம்.

கால் பங்குக்கும் பாதிக்கும் இடையே இருப்பவர்கள், ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வரை ஓபன் ஆஃபர் இன்றி வாங்க விதி தரும் வாய்ப்பைக் கடனின்றி, பொறுமையாகப் பயன்படுத்தலாம். கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்ட குடும்பம் நட்பு முதலீட்டாளரைத் தேடலாம். ஆனால் தாக்குதல் வரும் முன்பே தேட வேண்டும். எதிரி வாசலில் நிற்கும்போது நண்பர் சொல்வதே விலை.

அடுத்த தலைமுறையில் கடையில் உட்கார ஒருவரும் இல்லை என்றால், அரணே வேண்டாம் என்பதையும் ஒரு வழியாகக் கொள்ள வேண்டும். நார்ட்ஸ்ட்ராம் குடும்பம் 2018-இல் ஒரு பங்குக்கு 50 டாலர் தர முன்வந்தபோது, அது போதாது என்று இயக்குநர்களின் தனிக்குழு மறுத்தது. கடைசியில் பிற பங்குதாரர்களுக்குக் கிடைத்தது 24.25 டாலர். ஆகவே வந்த விலையைக் குடும்பத்தோடு தொடர்பற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டிய பிறகே மறுப்பதா ஏற்பதா என்று பேச வேண்டும். விற்பது என்று முடிவானால், பழைய ஊழியர்களின் பணிக்கொடையும், கடைப்பெயரை இன்னும் எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம் என்பதும், கட்டடம் குடும்பத்தார் பெயரில் இருந்தால் அதன் வாடகையும் குத்தகைக் காலமும் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் ஏறியாக வேண்டும்.